"உங்களுக்கென்றே தயாரித்த" ஸ்கின் கிரீம்: கொடுக்கிற காசுக்குத் தகுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பத்துக் கேள்விக்குப் பதில் சொல்லி மூன்று போட்டோ அனுப்பினால் போதும், உங்கள் தோலுக்கென்றே டாக்டர் எழுதிய மருந்துப் பெட்டி மாதாமாதம் வீட்டுக்கு வரும் என்ற விளம்பரம் இப்போது எல்லோர் போனிலும் வருகிறது. அதைப் பார்த்துவிட்டுக் கேட்பவர்களின் சந்தேகங்கள் திரும்பத் திரும்ப ஒன்றாகவே இருப்பதால், அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறோம். பரு, பருக் கறை, மங்கு ஆகிய மூன்றைப் பற்றித்தான் பேச்சு. கணக்குகளில் வரும் ரூபாய்த் தொகைகள் கணக்கு புரிவதற்காக வைத்துக்கொண்டவை. உங்கள் ஊர் விலையைப் போட்டு நீங்களே ஒருமுறை கூட்டிப் பாருங்கள்.

1. இந்த "பர்சனலைஸ்டு" கிரீம்ல அப்படி என்னதான் இருக்கு?

பெட்டியின் மேல் என்ன பெயர் இருந்தாலும் உள்ளே இருப்பது ஏழெட்டு மருந்துகளுக்குள் அடங்கிவிடும். தோலின் துளை அடைபடாமல் பார்க்க ட்ரெட்டினாயின் அல்லது அடாபலீன். இந்த இரண்டையும் ரெட்டினாய்டு என்பார்கள். பருக் கிருமியைக் குறைக்க பென்சாயில் பெராக்சைடு, கிளிண்டாமைசின். பருவையும் அது விட்டுப்போகும் கறையையும் சேர்த்துக் கவனிக்க அசலாயிக் ஆசிட். சிவப்பைத் தணிக்க நியாசினமைடு. மங்குக்கு ஹைட்ரோகுவினோன், டிரானெக்ஸாமிக் ஆசிட். எல்லாம் டாக்டர்களுக்குப் பழகிய மருந்துகள்தான். ட்ரெட்டினாயின் அமெரிக்காவில் பருவுக்கு அனுமதி பெற்றது 1971-ல்.

அமெரிக்காவில் 2014-ல் தொடங்கிய க்யூராலஜி போன்ற நிறுவனங்கள் இவற்றில் இரண்டு மூன்றை ஒரே பாட்டிலில் கலந்து, மேலே உங்கள் பெயரை ஒட்டி அனுப்புகின்றன. இந்தியாவில் வரும் பெட்டிகளில் பலவற்றில் இருப்பது கம்பெனி ஏற்கெனவே தயாரித்து வைத்த டியூப்கள்தான். "உங்களுக்கென்றே" என்ற வார்த்தை எந்த டியூப் என்ற தேர்வை மட்டும் குறிக்கிறது. தேர்வு சரியாக இருந்தால் அதற்கு மதிப்பு உண்டு. அந்த மதிப்பு எவ்வளவு என்பதைத்தான் கீழே பார்க்கப் போகிறோம்.

2. அப்போ மெடிக்கல் ஷாப்ல கிடைக்கிற டியூப்பும் இதுவும் ஒண்ணுதானா?

மருந்தின் பெயரும் சதவீதமும் ஒன்றாக இருந்தால் வேலை செய்வதும் அதே மருந்துதான். பெட்டியில் வந்த டியூப்பைக் கையில் எடுத்து, பிராண்டு பெயருக்குக் கீழே இருக்கும் பொடி எழுத்தைப் படியுங்கள். "ட்ரெட்டினாயின் 0.025%", "அடாபலீன் 0.1%" என்று இருக்கும். லேபிளின் இடது ஓரத்தில் மேலிருந்து கீழாகச் சிவப்புக் கோடு ஓடினால் அது டாக்டர் சீட்டுக்குத் தரவேண்டிய மருந்து. மடித்து நசுக்கிய வால் பகுதியில் பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் அச்சாகியிருக்கும். இவை எதுவுமே இல்லாமல், அழகான பாட்டிலும் உங்கள் பெயரும் மட்டும் இருந்தால், உள்ளே என்ன இருக்கிறது என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சொல்ல மறுத்தால் அதை முகத்தில் போடாதீர்கள்.

வித்தியாசம் வருவது வேறு இடத்தில். கிரீமா ஜெல்லா, பிசுபிசுப்பு எவ்வளவு, வாசனை சேர்த்திருக்கிறார்களா என்பவை ஒருபுறம். அதைவிடப் பெரியது, எரிச்சல் வந்தால் யாரைக் கேட்பது, அவர் மருந்தை மாற்றித் தருவாரா என்பது.

3. மாசம் எவ்வளவு ஆகும்னு எப்படிக் கணக்குப் போடுறது?

எதையும் கிராமில் யோசியுங்கள். ரெட்டினாய்டு முழு முகத்துக்கும் ஒரு பட்டாணி அளவு போதும், அதாவது சுமார் கால் கிராம். 20 கிராம் டியூப் தினமும் இரவு போட்டால் 80 நாள் வரும். ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டால் 160 நாள், ஏறக்குறைய ஐந்து மாதம். டியூப் 250 ரூபாய் என்று வைத்தால் ஒரு இரவுக்கு மூன்று ரூபாய் சொச்சம்தான்.

காசு கரைவது சன்ஸ்கிரீனில். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டிலும் அடியிலிருந்து நுனிவரை ஒரு கோடு பிழிந்தால் சுமார் ஒரு கிராம். முகத்துக்கும் கழுத்துக்கும் ஒரு தடவைக்கு அவ்வளவு வேண்டும். 50 கிராம் டியூப் 50 நாளில் தீர வேண்டும். ஆறு மாதமாக ஒரே சன்ஸ்கிரீன் டியூப் ஓடுகிறது என்றால் நீங்கள் போடுவது போதவில்லை. ரெட்டினாய்டு போடும் முகத்துக்கு, அதுவும் நம் ஊர் வெயிலில், இதில் மிச்சம் பிடித்தால் கறை மாறாமல் அப்படியே நிற்கும். ஆன்லைன் பெட்டியில் 15, 20 கிராம் சன்ஸ்கிரீன் இருந்தால் அது ஒரு மாதத்துக்குக் காணாது. வாங்குமுன் எடையைப் பாருங்கள்.

4. ஸ்கின் டாக்டர்கிட்ட போனா ஃபீஸே ஐந்நூறு, அறுநூறு ஆகுது. ஆப்தானே மலிவு?

மூன்று மாதத்துக்குச் சேர்த்துக் கூட்டுங்கள். டாக்டர் இரண்டு முறை, தலா 600 என்றால் 1,200. ரெட்டினாய்டு 250, பென்சாயில் பெராக்சைடு 150, மாய்ஸ்சரைசர் 300, சன்ஸ்கிரீன் இரண்டு டியூப் 900. மொத்தம் 2,800 ரூபாய். ஆப் மாதம் 1,500 என்றால் 4,500. மாதம் 700 என்றால் 2,100 ஆகும், மலிவுபோலத் தெரியும். அதில் சன்ஸ்கிரீன் இல்லையென்றால் அந்த 900-ஐச் சேர்த்து 3,000 ஆகிவிடும். அடுத்த மூன்று மாதத்தில் டாக்டரை ஒருமுறை பார்த்தால் போதும், செலவு 2,200-க்கு இறங்கும். ஆப் கட்டணம் இறங்காது.

அறுநூறும் கட்ட முடியாத நிலை என்றால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளை மறந்துவிடாதீர்கள். சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, ஸ்டான்லி, மதுரை ராஜாஜி போன்றவற்றில் தோல் நோய்ப் பிரிவு தனியாக இருக்கிறது. காலையில் போய் ஓ.பி. சீட்டு வாங்கி உட்கார்ந்தால் அரை நாள் போகும், ஆனால் ஃபீஸ் இல்லை. எத்தனையோ விதமான தோலைத் தினமும் நேரில் பார்க்கிறவர்கள் அங்கே இருக்கிறார்கள். வெளியே வாங்கவேண்டிய மருந்தை டாக்டரிடம் மூலப்பெயரில் எழுதித் தரச் சொல்லி, மக்கள் மருந்தகத்திலோ முதல்வர் மருந்தகத்திலோ முதலில் விசாரியுங்கள்.

5. போட்டோவைப் பார்த்தே டாக்டர் கண்டுபிடிச்சிடுவாரா?

சாதாரணப் பரு என்றால் பெரும்பாலும் முடியும். கரும்புள்ளி, வெண்புள்ளி, சில சிவந்த கட்டிகள் எல்லாம் நல்ல போட்டோவில் தெளிவாகத் தெரியும். சிக்கல், பரு மாதிரியும் மங்கு மாதிரியும் தெரிகிற மற்றவற்றில்தான். அப்படிப்பட்டவை நம்மிடம் நிறைய.

நெற்றியிலும் முடி ஓரத்திலும் ஒரே அளவில் பொடிப்பொடியாக, அரிப்போடு வருவது பூஞ்சையால் வரும் மயிர்க்கால் அழற்சியாக இருக்கலாம். அதற்குப் பருக் கிரீம் கேட்காது, பூஞ்சைக்கான மருந்து வேண்டும். தலைக்கு வைக்கும் எண்ணெய் நெற்றிக்கு இறங்கி வரும் பொடிப்பரு வேறு. அது எண்ணெயைக் குறைத்தாலே அடங்கும். நெற்றி ஓரம், கன்னத்தின் பக்கவாட்டு, பின்கழுத்தில் வெல்வெட் துணி போலத் தடித்துக் கறுத்தால் அது மங்கு அல்ல, பல நேரம் இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அறிகுறி. அங்கே கிரீமைவிட சர்க்கரைப் பரிசோதனையும் எடைக் குறைப்பும் முக்கியம். முகத்திலும் கழுத்திலும் சாம்பல் கலந்த கருமை படர்ந்தால் லைக்கன் பிளானஸ் வகையாக இருக்கலாம். தலைச்சாயத்தோடு தொடர்புடையது என்று டாக்டர்கள் சந்தேகிக்கும் நோய் அது. எரிச்சல் தரும் கிரீம் போட்டால் இன்னும் கறுக்கும். ஸ்டிக்கர் பொட்டு ஒட்டும் இடத்தில் வெளுப்பதும் கறுப்பதும் அதன் பசையால் வருவது.

இவற்றை டாக்டர் தொட்டும் சாய்த்தும் லென்ஸ் வைத்தும் பார்க்க வேண்டும். அதனால் எங்கள் கருத்து: பருவுக்கு போட்டோ பரவாயில்லை, பல மாதமாக இருக்கும் கருமைக்கு முதல் தடவை நேரில் போங்கள். போட்டோதான் அனுப்பப் போகிறீர்கள் என்றால் முகம் கழுவி, காலை வெளிச்சத்தில் ஜன்னல் ஓரம் நின்று, ஃபில்டரும் ஃபிளாஷும் இல்லாமல், நேராக ஒன்று, இரு பக்கமும் சாய்வாக ஒவ்வொன்று, கிட்டத்தில் ஒன்று எடுங்கள். தலை எண்ணெய், டை, பொட்டு, இதுவரை போட்ட எல்லா கிரீமும், சாப்பிடும் மாத்திரைகள், மாதவிலக்கு விவரம் ஆகியவற்றை அவர்கள் கேட்காவிட்டாலும் எழுதுங்கள்.

6. அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறது நிஜமான ஸ்கின் டாக்டரான்னு எப்படித் தெரியும்?

2020 மார்ச்சில் இந்திய அரசு வெளியிட்ட தொலைமருத்துவ வழிகாட்டுதலின்படி, ஆன்லைனில் மருந்து எழுதுகிற டாக்டர் தன் பெயரையும் மருத்துவக் கவுன்சில் பதிவு எண்ணையும் சீட்டில் காட்ட வேண்டும். அந்த எண்ணைத் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் அல்லது தேசிய மருத்துவ ஆணையத்தின் இணையப் பதிவேட்டில் போட்டுப் பாருங்கள், இரண்டு நிமிட வேலை. பெயருக்குப் பின்னால் எம்.டி. டி.வி.எல்., டி.டி.வி.எல்., டி.வி.டி., டி.என்.பி. தோல் நோய் என்று ஏதாவது இருந்தால் தோல் மருத்துவம் முறையாகப் படித்தவர். "காஸ்மெட்டாலஜிஸ்ட்", "ஸ்கின் எக்ஸ்பர்ட்", "பியூட்டி கோச்" என்று மட்டும் இருந்தால் மருந்து எழுதும் தகுதி அதிலிருந்து வருவதில்லை.

பெட்டி வந்தது, சீட்டு வரவில்லை என்றால் கேட்டு வாங்கி வையுங்கள். பின்னால் வேறு டாக்டரிடம் போகும்போது அந்த ஒரு தாள் மிகவும் உதவும்.

7. ஸ்ட்ராங்கா போட்டா சீக்கிரம் போயிடும்ல? எந்த அளவுல ஆரம்பிக்கணும்?

நம் மாநிறத் தோலில் எரிச்சலே கறையாக மாறும். பரு போனாலும் அது இருந்த இடம் மாதக்கணக்கில் கறுத்திருப்பது இதனால்தான். மருந்து அதிகமாகித் தோல் வெந்தாலும் அதே கறைதான் வரும். ஆகவே வேகத்தைவிட எரியாமல் பார்ப்பதுதான் இங்கே லாபம். ட்ரெட்டினாயின் 0.025% கிரீம் அல்லது அடாபலீன் 0.1% தொடக்கத்துக்குப் போதும். கேள்விப் படிவத்தை நிரப்பியதும் முதல் பெட்டியிலேயே 0.1% ட்ரெட்டினாயின் வந்தால் டாக்டரிடம் காரணம் கேளுங்கள்.

போடும் விதம்: இரவு முகத்தை மென்மையான ஃபேஸ்வாஷால் கழுவி, ஒற்றித் துடைத்து, 20 நிமிடம் காய விடுங்கள். ஈரத் தோலில் மருந்து வேகமாக இறங்கி எரிக்கும். பட்டாணி அளவை விரலில் எடுத்து நெற்றி, இரு கன்னம், மூக்கு, தாடை என்று ஐந்து பொட்டாக வைத்து, மெல்லப் பரப்புங்கள். பருவின் மேல் மட்டும் வைப்பது தவறு, பரு வரப்போகும் இடத்துக்கும் சேர்த்துத்தான் இந்த மருந்து. கண் ஓரம், மூக்கு மடிப்பு, வாய் ஓரத்தை விட்டுவிடுங்கள். வேண்டுமானால் அந்த இடங்களில் முன்கூட்டியே கொஞ்சம் வாசலின் தடவிக்கொள்ளலாம். மேலே மாய்ஸ்சரைசர். முதல் இரண்டு வாரம் வாரத்துக்கு இரண்டு இரவு, அடுத்த இரண்டு வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள், தாங்கினால் தினமும்.

8. உரியுது, எரியுது. நிறுத்திடட்டுமா?

முதல் நான்கைந்து வாரம் லேசாக உரிவதும், காய்ந்து இழுப்பதும் எதிர்பார்க்க வேண்டியவை. மாய்ஸ்சரைசர், அதன் மேல் மருந்து, அதன் மேல் மறுபடி மாய்ஸ்சரைசர் என்று அடுக்கிப் பாருங்கள். அப்படியும் எரிந்தால் மருந்தை அரை மணி நேரம் வைத்துக் கழுவிவிடலாம். ஸ்க்ரப், எலுமிச்சைச் சாறு, கிளைகாலிக் ஆசிட் சீரம் எல்லாவற்றையும் இந்தச் சமயத்தில் ஓரம் வையுங்கள். வாக்சிங், திரெடிங் செய்வதற்கு ஒரு வாரம் முன்பே ரெட்டினாய்டை நிறுத்துங்கள், தோல் பிய்ந்துவிடும்.

தண்ணீர் பட்டாலே எரிகிறது, வீங்குகிறது, நீர் கோக்கிறது, கண் இமை தடிக்கிறது என்றால் அது வேறு விஷயம். அன்றே நிறுத்தி டாக்டரிடம் பேசுங்கள். ஆப்பின் மதிப்பை அளக்க நல்ல இடம் இதுதான்: அப்படி எழுதிய செய்திக்கு டாக்டரே ஒரு நாளுக்குள் பதில் தருகிறாரா, "தொடர்ந்து பயன்படுத்தவும்" என்ற தானியங்கிப் பதில் வருகிறதா என்று பாருங்கள்.

9. போட ஆரம்பிச்ச அப்புறம்தான் பரு ஜாஸ்தியாச்சு. சேரலையா?

ரெட்டினாய்டு தொடங்கிய முதல் சில வாரங்களில், உள்ளே உருவாகிக்கொண்டிருந்த பரு முன்கூட்டியே வெளியே வருவது உண்டு. வழக்கமாக வரும் இடத்திலேயே வந்து, ஆறு வாரத்துக்குள் அடங்கத் தொடங்கினால் கவலை வேண்டாம். இதுவரை வராத இடத்தில் புதிதாக வந்தால், எட்டு வாரம் தாண்டியும் கூடிக்கொண்டே போனால், அல்லது அரித்தால் 5-ஆம் கேள்வியில் சொன்ன பூஞ்சையையும், பெட்டியில் வந்த மாய்ஸ்சரைசர் துளையை அடைக்கிறதா என்பதையும் சந்தேகப்படுங்கள்.

10. எத்தனை மாசம் பார்த்துட்டு "காசு வேஸ்ட்"னு முடிவு பண்ணலாம்?

பருவுக்கு 12 வாரம். பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வெளியிடும் நைஸ் அமைப்பு பரு சிகிச்சைக்குச் சொல்லும் முதல் கட்டமும் 12 வாரம்தான். அதற்குமுன் மருந்தை மாற்றிக்கொண்டே இருந்தால் எதுவும் வேலை செய்ய நேரம் கிடைக்காது. முதல் நாள் எடுத்த அதே இடத்தில், அதே வெளிச்சத்தில் நான்கு வாரத்துக்கு ஒருமுறை போட்டோ எடுத்து வையுங்கள். கண்ணாடியில் தினமும் பார்க்கிறவருக்கு மாற்றம் தெரியாது.

தட்டையான கறுப்புக் கறை மங்க மூன்று முதல் ஆறு மாதம், ஆழமாக இருந்தால் அதற்கும் மேல். விரலால் தடவினால் பள்ளமாகத் தெரியும் தழும்பு எந்தக் கிரீமுக்கும் நிரம்பாது. அதற்கு நீட்லிங், லேசர், சப்சிஷன் போன்று டாக்டர் நேரில் செய்யும் சிகிச்சைகள் வேண்டும். பள்ளத்துக்காக மாதச் சந்தா கட்டுவதை இன்றே நிறுத்தி, அந்தப் பணத்தைச் சேர்த்து வையுங்கள். புதிதாகப் பள்ளம் விழுந்துகொண்டிருக்கிறது என்றால் காத்திருக்கவே கூடாது. வலிக்கும் பெரிய கட்டிகளுக்கு மாத்திரை சிகிச்சை தேவைப்படும், நேரில் போங்கள்.

11. மூணு மருந்தையும் ஒரே பாட்டில்ல கலந்து தர்றது நல்லதுதானே? வேலை மிச்சம்.

மறதி உள்ளவருக்கு நல்லது. மூன்று டியூப்பை மூன்று நேரம் போடச் சொன்னால் பலர் இரண்டாவது வாரமே விட்டுவிடுகிறார்கள். ஒரே பாட்டில் என்றால் தொடர்கிறார்கள். ஒழுங்காகப் போடுகிற சாதாரண மருந்து, அலமாரியில் தூங்குகிற உயர்ந்த மருந்தைவிட மேல்.

ஆனால் முகம் எரிந்தால் மூன்றில் எது காரணம் என்று தெரியாது. ட்ரெட்டினாயினை மட்டும் வாரத்தில் இரண்டு நாளாகக் குறைத்து அசலாயிக் ஆசிடைத் தினமும் தொடரலாம் என்று டாக்டர் நினைத்தாலும் ஒரே பாட்டிலில் அது முடியாது. ஒவ்வொருவருக்கும் தனியாகக் கலக்கும் மருந்து, அமெரிக்காவில்கூட அந்தக் கலவை வடிவில் எஃப்.டி.ஏ. (அந்த நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு) அனுமதி பெற்றது அல்ல, தனித்தனி மருந்துகளுக்குத்தான் அனுமதி. கலந்தபின் எத்தனை நாள் கெடாது என்பதும் கம்பெனி டியூப்பில் இருப்பதுபோல் விரிவாகச் சோதிக்கப்பட்டிருக்காது. ட்ரெட்டினாயின் வெளிச்சத்தில் கெடும் மருந்து. ஆகவே கண்ணாடிபோலத் தெரியும் பாட்டிலில் வந்தால் கேள்வி கேளுங்கள். நிறமோ வாசனையோ மாறினால் போடாதீர்கள். புதிதாகத் தொடங்குகிறவர் தனித்தனி டியூப்பில் தொடங்கி, எது ஒத்துக்கொள்கிறது என்று தெரிந்தபின் கலவைக்கு மாறுவதையே நாங்கள் சொல்வோம்.

12. ஆறு மாசமா அதே பாட்டில்தான் வருது. அதுல கிளிண்டாமைசின் இருக்கு. பரவாயில்லையா?

பரவாயில்லை என்று சொல்ல மாட்டோம். கிளிண்டாமைசின் ஆன்டிபயாட்டிக். தனியாக நீண்டகாலம் போட்டால் பருக் கிருமி அதற்குப் பழகிவிடும், பிறகு மருந்து கேட்காது. அதனால்தான் அதனோடு பென்சாயில் பெராக்சைடு சேர்க்க வேண்டும் என்று தோல் மருத்துவ வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. பெராக்சைடுக்குக் கிருமி பழகுவதில்லை. மூன்று மாதத்தில் பரு அடங்கியதும் ஆன்டிபயாட்டிக்கை எடுத்துவிட்டு ரெட்டினாய்டை மட்டும் தொடர்வதே முறை. சந்தா தானாகப் புதுப்பிக்கப்படும்போது இந்த மாற்றம் தானாக நடக்காது, நீங்கள்தான் கேட்க வேண்டும்.

பென்சாயில் பெராக்சைடு 2.5% போதும். 5%, 10% கூடுதலாக எரிக்குமே தவிர பருவில் பெரிய வித்தியாசம் காட்டாது. துண்டு, தலையணை உறை, துப்பட்டாவில் பட்டால் சாயம் போய்விடும். வெள்ளைத் துண்டு வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண ட்ரெட்டினாயினோடு ஒரே நேரத்தில் போட்டால் அதைச் சிதைக்கும், எனவே இது காலை, அது இரவு. அடாபலீனுக்கு அந்தத் தொல்லை இல்லை. வண்டியின் டிக்கியில் வெயிலில் வைக்காதீர்கள்.

13. மங்குக்கு ஒரு கிரீம் தந்தாங்க. ஒரே வாரத்துல பளிச்சுனு ஆச்சு. நிறுத்தினா திரும்ப வருது, சிவக்குது. ஏன்?

லேபிளில் மூன்றாவது பெயரைப் படியுங்கள். ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின், அதற்குப் பின்னால் மொமெட்டாசோன் அல்லது ஃப்ளூசினோலோன் என்று இருக்கும். அது ஸ்டீராய்டு. பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டாசால் என்பவையும் அதே இனம். முதல் வாரத்துப் பளிச்சுக்கு இதுதான் பெரும்பாலும் காரணம். டாக்டர் பார்வையில், சில வாரங்களுக்கு மட்டும், சுமார் எட்டு வாரத்துக்குள் என்று எழுதப்படும் மருந்து இது. அப்படிப் போட்டால் பயனும் உண்டு. சீட்டில்லாமல் மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலிந்து, ரத்தக் குழாய் தெரிந்து, பரு பொங்கி, மேல் உதட்டில் முடி வளர்ந்து, நிறுத்திய அன்றே முகம் எரியத் தொடங்கும். இந்தியத் தோல் மருத்துவர்கள் இதற்கென்றே "ஸ்டீராய்டால் சிதைந்த முகம்" என்று ஒரு பெயர் வைக்கும் அளவுக்கு இங்கே இது பரவியிருக்கிறது. 2018-ல் அரசு பல ஸ்டீராய்டு கிரீம்களை ஷெட்யூல் எச்-க்குள், அதாவது டாக்டர் சீட்டுக்கு மட்டும் தரவேண்டிய மருந்துகளின் பட்டியலுக்குள், கொண்டுவந்ததும் இதனால்தான். பல மாதம் போட்டவர்கள் திடீரென்று நிறுத்தாமல் டாக்டர் மேற்பார்வையில் படிப்படியாக இறக்குங்கள். ஹைட்ரோகுவினோனும் வருடக்கணக்கில் போட்டால் திரும்ப மாறாத நீலக்கருமையைக் கொண்டுவரும்.

மங்குக்கு வெயிலின் புற ஊதாக் கதிர் மட்டுமல்ல, கண்ணுக்குத் தெரியும் ஒளியும் பகை. அதைத் தடுப்பது அயர்ன் ஆக்சைடு கலந்த, தோல் நிறத்தில் இருக்கும் டின்டட் சன்ஸ்கிரீன். மங்குக்காக நீங்கள் செலவழிக்கும் முதல் 500 ரூபாய் அதற்குப் போகட்டும்.

14. பார்லர்ல எனக்குனே கலந்து டப்பால தர்றாங்க. அதுவும் பர்சனலைஸ்டுதானே?

வேண்டவே வேண்டாம். பெயர் இல்லாத டப்பாவில் வரும் வெள்ளை கிரீமில் மேலே சொன்ன ஸ்டீராய்டு இருக்கலாம், சிறுநீரகத்தைக் கெடுக்கும் பாதரசமும் இருக்கலாம். 2023-ல் கேரளத்தின் மலப்புரம் பகுதியில் சிறுநீரகத்தில் புரதம் ஒழுகும் நோயோடு வந்தவர்கள் பலர் சிவப்பழகு கிரீம் போட்டவர்கள் என்பதை அங்குள்ள மருத்துவர்கள் கண்டுபிடித்தார்கள். அப்படி ஏதாவது போட்டுக்கொண்டிருக்கும்போது கால், முகம் வீங்கினாலோ சிறுநீர் நுரைத்தாலோ கிரீம் டப்பாவையும் கையில் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள்.

15. குழந்தைக்கு முயற்சி பண்றோம். பெட்டியில இருக்கிறதுல எது போடலாம்?

ட்ரெட்டினாயின், அடாபலீன் இரண்டையும் நிறுத்துங்கள். ஹைட்ரோகுவினோன் தோல் வழியாக உடம்பில் அதிகம் சேரும், அதுவும் வேண்டாம். அசலாயிக் ஆசிட் போடலாம். பென்சாயில் பெராக்சைடும் கிளிண்டாமைசினும் மகப்பேறு டாக்டரிடம் சொல்லிவிட்டுக் குறைந்த அளவில் போடலாம். ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கர்ப்பம் ஆகவே கூடாது, குழந்தைக்குக் கடுமையான குறைபாடு வரும். நிறுத்திக் குறைந்தது ஒரு மாதம் கழித்தே முயற்சி செய்ய வேண்டும். மாதவிலக்குத் தேதியும் கர்ப்பமும் பற்றிக் கேட்காமலேயே ரெட்டினாய்டு அனுப்புகிற சேவை எதுவாக இருந்தாலும் அதை நம்ப வேண்டாம்.

16. தாடைப் பக்கம் மட்டும்தான் வருது, பீரியட்ஸும் சரியில்ல. கிரீமை மாத்திட்டே இருக்கேன்.

கிரீம் மாற்றுவதை நிறுத்துங்கள். மாதவிலக்கு தள்ளிப்போவது, தாடையில் கனத்த முடி, தலைமுடி மெலிவது, எடை ஏறுவது இவற்றில் ஏதாவது சேர்ந்திருந்தால் பி.சி.ஓ.எஸ். (ஹார்மோன் சமநிலை குலையும் கோளாறு) இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கு ரத்தப் பரிசோதனை, தேவைப்பட்டால் ஸ்கேன். காரணம் உள்ளே இருக்கும்போது வெளிப்பூச்சு பாதி வேலைதான் செய்யும். மாதம் 1,500 ரூபாய்ச் சந்தாவை ஒரு மாதம் நிறுத்தினால், அந்தப் பணம் டாக்டர் ஃபீஸுக்கும் பரிசோதனையின் ஒரு பகுதிக்கும் ஆகும்.

17. அக்கா அமெரிக்காவுல, தங்கச்சி லண்டன்ல இருக்காங்க. அவங்களுக்கும் இதே கணக்கா?

இல்லை. அமெரிக்காவில் தோல் டாக்டரிடம் நேரம் கிடைக்க வாரக்கணக்கில் ஆகும், காப்பீட்டைப் பொறுத்து ஃபீஸும் அதிகம். அங்கே இந்த ஆன்லைன் சேவைக்கு நியாயமான இடம் உண்டு. ஆனாலும் அடாபலீன் 0.1% அங்கே 2016 முதல் சீட்டில்லாமல் கடையிலேயே கிடைக்கிறது. சாதாரணப் பருவுக்கு அதையும் பென்சாயில் பெராக்சைடையும் 12 வாரம் முயன்ற பிறகே சந்தாவை யோசிக்கலாம். இங்கிலாந்தில் 2024 மே முதல் ஒரு மருந்துக்கு என்.எச்.எஸ். எனும் அரசு மருத்துவச் சேவையின் சீட்டுக் கட்டணம் 9.90 பவுண்டு. ஸ்காட்லாந்து, வேல்ஸ், வடக்கு அயர்லாந்தில் அதுவும் கிடையாது. பருவுக்கு முதலில் குடும்ப டாக்டரைப் பார்ப்பதே அங்கே சிக்கனம்.

18. அப்போ யாருக்குத்தான் இது தகும்?

பக்கத்தில் தோல் டாக்டர் இல்லாத ஊரில் இருப்பவர், ஷிப்ட் வேலையால் கிளினிக் நேரத்துக்குப் போக முடியாதவர், சாதாரணப் பருவை வைத்துக்கொண்டு மாதம் இரண்டாயிரத்துக்குக் கண்ட சீரத்தையும் வாங்கிக்கொண்டிருப்பவர். இவர்களுக்கு, 6-ஆம் கேள்வியின் சோதனையில் தேறிய சேவை என்றால், மூன்று மாதத்துக்குத் தகும். குறைந்தபட்சம் மருந்து சரியான மருந்தாக இருக்கும். பள்ளம், மங்கு, கர்ப்பம், பி.சி.ஓ.எஸ்., 12 வயதுக்கு உட்பட்ட குழந்தை இவற்றில் ஒன்று இருந்தாலும் தகாது.

19. ஏற்கெனவே ஆறு மாசத்துக்குப் பணம் கட்டிட்டேன். இப்ப என்ன பண்றது?

தானாகப் பணம் பிடிப்பதை முதலில் நிறுத்துங்கள். யு.பி.ஐ. செயலியில் "ஆட்டோபே" பகுதியில் ரத்து செய்யலாம், கார்டு என்றால் வங்கியிலும் சொல்லிவையுங்கள். பிறகு சீட்டை வாங்குங்கள். அதில் இருக்கும் மருந்துப் பெயர், சதவீதம், எத்தனை நாள் என்பதை 2, 12, 13-ஆம் கேள்விகளோடு ஒப்பிடுங்கள். ஸ்டீராய்டோ ஹைட்ரோகுவினோனோ இல்லை, முகமும் தாங்குகிறது என்றால் கட்டிய பணத்துக்குரிய மருந்தைப் போட்டு முடியுங்கள், 12-ஆவது வாரம் போட்டோவை ஒப்பிடுங்கள்.

நன்றாக வேலை செய்திருந்தால் அந்தச் சீட்டையும் போட்டோக்களையும் உங்கள் ஊர் டாக்டரிடம் காட்டி, அதே மருந்தை அதே சதவீதத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். மிச்சமுள்ள டியூப்களை வெயில் படாத அலமாரியில், மூடியை இறுக்கி வையுங்கள். திறந்த தேதியை டியூப்பின் வாலில் பேனாவால் எழுதிவிடுங்கள். உங்களுக்கு எழுதிய மருந்து என்பதால் தங்கைக்கோ தோழிக்கோ கொடுக்க வேண்டாம். அவர் கர்ப்பமாக இருக்கிறாரா என்பது உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம்.